ஊக்கு முதல் புரோச் வரை



இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் உங்கள் சட்டையிலோ சேலையிலோ ஒரு பேட்ஜ் ஏறியிருக்கும். வாசலில் வரவேற்புக் குழுவினர் பெயரையும் படித்த ஆண்டையும் எழுதி, "அசையாம நில்லுங்க சார், குத்திடப் போகுது" என்று சொல்லிக்கொண்டே குண்டூசியால் குத்தி விட்டிருப்பார்கள். பெரிய பதவியில் இருப்பவரும் அந்த ஒரு நிமிடம் பள்ளிப் பிள்ளைபோல நெஞ்சை நிமிர்த்தி நிற்பதைப் பார்க்கலாம். உடையில் குத்திக்கொள்ளும் சின்னப் பொருளுக்கு அப்படி ஒரு சக்தி உண்டு. அதன் கதையைத்தான் இங்கே எழுத முயன்றிருக்கிறேன். "வரலாறு படிச்சிட்டு ஊக்கைப் பத்தியா எழுதுறே?" என்று மலர்க் குழுவில் ஒரு தோழி சிரித்தாள். படித்து முடித்துவிட்டு அவளும் சொல்லட்டும்.

உடம்புக்கு நகை, துணிக்கு நகை

நம் ஊர் நகைகளை ஒருமுறை மனத்தில் வரிசைப்படுத்திப் பாருங்கள். காதுக்குத் தோடு, மூக்குக்கு மூக்குத்தி, கழுத்துக்குக் காசுமாலை, கைக்கு வளையல், இடுப்புக்கு ஒட்டியாணம், காலுக்குக் கொலுசும் மெட்டியும். அத்தனையும் உடம்பில் ஏறுபவை. துணியில் ஏறும் நகை என்று பழைய பட்டியலில் தேடினால் கிடைப்பது அரிது. காரணம் எளிது. நம்முடையது சுற்றி, மடித்து, செருகிக் கட்டும் உடை. கொசுவம் வைத்து இடுப்பில் செருகிவிட்டால் நிற்கும். ஊசிக்கு அங்கே வேலை இல்லை.

ரோமாபுரியிலும் கிரேக்கத்திலும் நிலைமை வேறு. தோளில் போர்த்தும் கனத்த துணியைச் சேர்த்துப் பிடிக்க அவர்களுக்கு ஒரு கொக்கி ஊசி தேவைப்பட்டது. 'ஃபிபுலா' என்று அதற்குப் பெயர். வேலைக்காக வந்த ஊசியில் பிறகு வெள்ளியும் பொன்னும் கல்லும் ஏறின. அந்த வழியில் வந்ததுதான் புரோச்.

நாம் தினமும் பயன்படுத்தும் ஊக்கு அதன் ஏழைத் தங்கை. அமெரிக்காவில் வால்டர் ஹண்ட் என்பவர் 1849-இல் ஒரு கம்பியை வளைத்துச் சுருள் வைத்து, முனை கையைக் குத்தாதபடி ஒரு மூடியும் வைத்துக் காப்புரிமை பெற்றார். 15 டாலர் கடனை அடைக்க வழி தேடியவர், அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்பது கதை. இன்று தாலிச் சரட்டிலும் வளையலிலும் நாலு ஊக்கு கோத்து வைத்திருக்காத அம்மா நம் பக்கத்தில் உண்டா?

ராயபுரமும் பார்சித் தோளும்

புரோச் சேலைக்கு வந்த வழி சுவையானது. 1860-களில் வங்காளத்துத் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதாநந்தினி தேவி, கணவருடன் பம்பாய் சென்றார். இந்தியர்களில் முதன்முதலாக ஐ.சி.எஸ். தேறிய சத்யேந்திரநாத் தாகூர்தான் அவர் கணவர். வெளியிடத்தில் நாலு பேர் முன் கௌரவமாக நடமாட எப்படி உடுத்துவது என்று யோசித்த அந்த அம்மையார், பம்பாய்ப் பார்சிப் பெண்கள் கட்டும் முறையைப் பார்த்துத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டார். ரவிக்கை, பாவாடை, முன்னால் கொசுவம், இடத் தோளில் முந்தானை. அந்த முந்தானை நழுவாமல் இருக்கத் தோளில் ஒரு புரோச்! பிரம்ம சமாஜத்துப் பெண்கள் வழியாக இந்தக் கட்டு பரவியது.

பார்சிகள் என்றால் நமக்கு அந்நியர் அல்லர். அவர்கள் சென்னைக்கு வந்து ராயபுரத்தில் இடம் வாங்கியது 1795-இல். 1910-இல் கட்டப்பட்ட அவர்களுடைய அக்கினிக் கோயில் இன்றும் ராயபுரம் மேற்கு மாதா கோயில் தெருவில் இருக்கிறது. இறந்துபோன சிறுவயது மகன் ஜாலின் நினைவாக ஃபிரோஜ் கிளப்வாலா கட்டித் தந்த கோயில் அது. எத்தனையோ நாள் அந்தத் தெருவில் நடந்திருக்கிறோம், உள்ளே என்ன என்று கேட்டிருக்க மாட்டோம்.

ராயபுரம் அப்படிப்பட்ட இடம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் புறப்பட்ட நிலையம் அங்கே. ரயில்வேயை ஒட்டி ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள், துறைமுகத்தை ஒட்டிப் பல ஊர்க்காரர்கள், கடலை நம்பிய பரதவர்கள். கவுனில் புரோச் குத்திய டீச்சரும், தோளில் புரோச் குத்திய பார்சி அம்மாவும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மீன்கூடை சுமந்த அக்காவும் ஒரே தெருவில் எதிரெதிரே நடந்திருக்கிறார்கள்.

யாரிடமும் கேட்க வேண்டாத நகை

இங்கேதான் முக்கியமான செய்தி. நம் உடம்பு நகைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம் இருந்தது. மெட்டி என்றால் கல்யாணமானவள். தாலியைப் பார்த்தாலே இன்ன வீடு என்று சொல்லிவிடலாம். எந்தச் சாதியார் எதை அணியலாம், அணியக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்த காலமும் உண்டு. கணவன் இறந்தால் பூ, பொட்டு, வளையல் எல்லாமே போயிற்று. இங்கிலாந்தில் 1861-இல் கணவரை இழந்த விக்டோரியா மகாராணி கறுப்புக் கல் நகை அணிந்து துக்கம் காத்தார். அங்கே கைம்பெண்ணுக்கென்றே தனி புரோச் செய்து விற்றார்கள். இங்கே இருப்பதையும் கழற்றினார்கள்.

புரோச்சுக்கு மட்டும் நம் சாஸ்திரத்தில் பெயரே இல்லை. ஆகவே தடையும் இல்லை.

நான் எண்ணூரிலிருந்து ரயிலேறிக் கல்லூரிக்கு வந்த எண்பதுகளில் எங்களுக்கு ஒரு பேராசிரியை இருந்தார். பெயர் வேண்டாம், படித்தவர்களுக்குப் புரியும். வெளிர் நிற வாயில் சேலை, வெறும் நெற்றி, கறுப்பு வார் போட்ட கடிகாரம். ஆனால் இடத் தோளில் இலை வடிவத்தில், ஒற்றைப் பச்சைக் கல் வைத்த ஒரு சின்ன புரோச் இருக்கும். ஒருநாள் நாங்கள் நாலைந்து பேர் துணிந்து கேட்டுவிட்டோம்.

"மேடம், இது எங்க வாங்கினீங்க?"

"பர்மா பஜார்லதாம்மா. அவர் போன பிறகு வேலைக்கு வந்து, முதல் மாசச் சம்பளத்துல வாங்கினேன். வீட்டுல பெரியவங்க பாத்துட்டு, 'என்ன இது, நகையா?'ன்னு கேட்டாங்க. 'நகை இல்லே, சேலை நழுவாம இருக்க ஊக்கு'ன்னேன். அதுக்கு மேல யாரும் ஒண்ணும் சொல்லலை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்களுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. நகை என்றால் பிடுங்குவார்கள், ஊக்கு என்றால் விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளியில் ஒரு பச்சைக் கல்லை வைத்துத் தன் வாழ்க்கையைத் தானே நிமிர்த்திக்கொண்டவர் அவர். அலங்காரம் என்பது வெறும் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் தோள்தான் நினைவுக்கு வரும்.

கிளப்வாலா என்ற பெயரைத் தாங்கிய மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரும் 1935-இல் இளம் வயதில் கணவரை இழந்தவர்தான். வீட்டோடு முடங்காமல் பொதுப்பணிக்கு வந்தார். 1952-இல் சென்னையில் சமூகப் பணிக்கான கல்லூரியைத் தொடங்கிய பெருமை அவருடையது. மறுமணமும் செய்துகொண்டார்.

பர்மா பஜாரும் மின்சார ரயிலும்

பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்களுக்காக 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே உருவானது பர்மா பஜார். எண்ணூரிலும் அவர்கள் குடியேறிய பகுதிக்குப் பர்மா நகர் என்றே பெயர். வெளிநாட்டுச் சாமான் என்றாலே அந்தக் கடை வரிசைதான். கல் வைத்த தாவணி பின், பட்டாம்பூச்சி பின், மயில் பின் எல்லாம் அங்கே கிடைக்கும். பஸ் காசை மிச்சம் பிடித்து வாங்கியவர்கள் கைதூக்குங்கள் பார்ப்போம்!

அதுவும் முடியாதவர்களுக்கு ரயில் இருந்தது. கும்மிடிப்பூண்டி வண்டியில், "ஊக்கு, ஹேர்பின், ஸ்டிக்கர் பொட்டே..." என்று குரல் வரும். அட்டையில் வரிசையாகக் குத்திய பின்கள். விம்கோ நகர் தாண்டுவதற்குள் பேரம் முடிந்துவிடும். அப்பா தொழிற்சாலை ஷிப்டில், வீட்டில் மூன்று பெண்களுக்கு இரண்டு தாவணி என்ற நிலையில் படித்தவர்கள் நம்மில் பலர். அதே தாவணி திங்களும் வரும், புதனும் வரும். பின்னை மாற்றினால் போதும், வேறு தாவணி கட்டியது போல ஒரு தெம்பு. இதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆண்கள் மட்டும் சும்மாவா?

"இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டப் போகும் நண்பர்களே, கொஞ்சம் நில்லுங்கள். டிசம்பர் 7 கொடி நாளன்று உங்கள் சட்டைப் பையில் காகிதக் கொடி குத்தியது யார்? 1949 முதல் நடக்கும் வழக்கம் அது. அதே 1949-இல் செப்டம்பர் 18 அன்று ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. பின்னாளில் எல்லாக் கட்சிக்காரர்கள் மார்பிலும் தலைவர் படம் போட்ட பேட்ஜ் ஏறியது. தொழிற்சங்கத்தார் கோரிக்கை பேட்ஜ் குத்திக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஒரு வார்த்தை பேசாமலே ஒரு மனிதன் தன் கட்சியைச் சொல்லிவிடுவான்.

இரட்டைமலை சீனிவாசன் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்றபோது, தாம் தீண்டத்தகாதவர் என்று எழுதிய பட்டையைக் கோட்டில் அணிந்துகொண்டு மன்னர் முன் நின்றார் என்று தமிழ்நாட்டில் இன்றும் சொல்வார்கள். மற்றவர்கள் அரசாங்கம் தந்த பதக்கத்தை மாட்டிக்கொள்ளும் இடத்தில் தம் மக்களின் துயரத்தை மாட்டிக் காட்டிய செய்தி அது.

இன்றைய தங்கைகளுக்குச் சில வார்த்தை

இப்போது சுடிதார், துப்பட்டா, கோட், ஹிஜாப் என்று எல்லாவற்றுக்கும் பின் வந்துவிட்டது. நல்லதே. அனுபவத்தில் கண்ட இரண்டு மூன்று விஷயம் சொல்கிறேன். பட்டில் நேராகக் குத்தினால் இழை விட்டுவிடும், உள்பக்கம் சின்னத் துணித்துண்டு வைத்துக் குத்துங்கள். கனமான புரோச் மெல்லிய துணியை இழுத்துத் தொங்கவிடும், ரவிக்கையோடு சேர்த்துக் குத்தினால் நிற்கும். புரோச் பளபளத்தால் கழுத்தில் அடக்கமாக இருக்கட்டும். பாட்டியின் ஒற்றைத் தோடு ஜோடி இல்லாமல் பெட்டியில் கிடந்தால், தட்டாரிடம் கொடுத்துப் பின்னால் ஊசி வைத்து வாங்குங்கள். கடையில் கிடைக்காத புரோச் அது.

எல்லாவற்றுக்கும் மேலாக, யாரோ அணிகிறார்கள் என்று அணியாதீர்கள். உங்களைச் சொல்வதாக இருக்கட்டும்.

நம் திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. காது ஒடிந்த ஓர் ஊசிகூடக் கடைசிவரை கூட வராது என்று அறிந்ததும், மலைபோன்ற செல்வத்தை விட்டுவிட்டு வந்தவர் அவர். அது ஞானிகள் வழி. நாம் சாதாரண மனிதர்கள். கூட வராது என்று தெரிந்தும், இருக்கும் வரை தோளில் ஒரு பச்சைக் கல்லைக் குத்திக்கொள்கிறோம். அதில் தவறொன்றும் இல்லை.

விழா முடிந்ததும் அந்தப் பேட்ஜைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பழைய பெட்டியில் வையுங்கள். என் பெட்டியில் பச்சைக் கல் வைத்த இலை ஒன்று இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற நாளில், "நீ வச்சுக்கோம்மா" என்று மேடம் தம் தோளிலிருந்து கழற்றிக் கொடுத்தது. இன்று அதைத்தான் குத்திக்கொண்டு வருகிறேன்.