மின்பலகைக்கு முன்னால் மூன்றரை அடி: அந்த எச்சரிக்கை ஒட்டி சொல்வது என்ன?

வன்னியில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டதும் காலைப் பின்னெடுத்துப் பழகியவர்கள் நம்மில் பலர். நமது மொழியிலும் எழுதியிருந்ததால் அது சிறுபிள்ளைக்கும் விளங்கியது. கண்டிக்கு வேலைக்கு வந்தவர்கள் தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு எச்சரிக்கை, மின்பலகைக் கதவில் ஒட்டப்படும் ‘இவ்விடத்தை மறிக்க வேண்டாம்’ என்பது.

ஏன் மறிக்கக்கூடாது?

ஒருவரை மின்சாரம் தாக்கினாலோ வயர் தீப்பற்றினாலோ, முதலில் மெயின் சுவிச்சை நிறுத்த வேண்டும். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மும்முனை இணைப்பில் 400 வோல்ட். உயிர் போகச் சில விநாடிகள் போதும். கண்டி கொழும்பு வீதி போன்ற இடங்களின் குறுகிய கடைகளில், படிக்கட்டின் கீழுள்ள மின்பலகையடி எளிதில் களஞ்சியமாகிவிடும். மூட்டையை இழுத்து ஏணியை நகர்த்துவதற்குள் அந்த விநாடிகள் கடந்துவிடும். அருகிலுள்ள அட்டைப்பெட்டிகள் தீயையும் வளர்க்கும்.

எவ்வளவு இடம்?

பல ஒட்டிகளில் காணப்படும் ‘36 அங்குலம்’ அமெரிக்க மின் விதிக்கோவையிலிருந்து வந்தது. அங்கே சாதாரண வீட்டு மின்சாரம் 120 வோல்ட். மின்னழுத்தம் நிலத்துக்கு 150 வோல்ட்டைத் தாண்டி, எதிரே செங்கல் அல்லது கொங்கிரீட் சுவரும் இருந்தால், அதே கோவை 42 அங்குலம், அதாவது மூன்றரை அடி கேட்கிறது. 230 வோல்ட் பாவிக்கும் நமக்கு இதுவே பொருத்தமான அளவு. அகலம் குறைந்தது 30 அங்குலம், உயரம் ஆறரை அடி. பலகையின் கதவு 90 பாகை திறக்க வேண்டும். தரையில் மஞ்சள் கோடு கீறிவிட்டால், சாமான் இறக்குபவருக்கும் எல்லை தெரியும்.

அடையாளங்கள்

மஞ்சள் முக்கோணத்துள் கறுப்பு மின்னல்: மின் அபாயம். குறுக்குக் கோடிட்ட சிவப்பு வட்டம்: தடை.

எந்த மொழியில்?

கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் நகரக் கடைகளிலும் மூட்டை சுமப்பவர்களில் பலர் தமிழ் பேசுபவர்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டிய எச்சரிக்கை, அதை வாசிக்க முடியாதவரைக் காப்பாற்றாது. மூன்று மொழிகளிலும் ஒட்டுமாறு முதலாளியிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கையால் எழுதி ஒட்டினாலும் போதும்.

விபத்து நேர்ந்தால் மின்சாரத்தை நிறுத்தாமல் ஆளைத் தொட வேண்டாம். மின்தீக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அம்புலன்ஸ் 1990, தீயணைப்பு 110.

இன்றே உங்கள் வேலைத்தளத்தின் மெயின் சுவிச்சுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடந்துபோக முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். இருட்டிலும் புகையிலும் அப்படித்தான் போக வேண்டிவரும்.