ஊசி சொன்னது, தூரிகை எழுதியது

'சைனா சில்க்' என்ற பெயரைக் கேள்விப்படாதவர் நம் வயதில் யாரும் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பட்டின் மேல் பூவேலை செய்த பெண்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? துணிக்குப் பெயர் உண்டு, ஊருக்குப் பெயர் உண்டு, ஊசி பிடித்தவருக்குக் கிடையாது. நூற்றாண்டுகளாகச் சீனாவிலும் அதுதான் வழக்கம். அதை மாற்றியவர் ஒரு பெண்.

சூஜோ நகரத்தில் 1874-ல் பிறந்தவர் அவர். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு மரச்சட்டத்தில் பட்டை இழுத்துக் கட்டிப் பெண்கள் தைப்பார்கள். ஒரு பட்டு நூலைப் பதினாறாகப் பிரித்து, அதில் ஒரே ஒரு இழையை ஊசியில் கோப்பார்கள் என்றால் அந்த வேலையின் நுணுக்கத்தை நீங்களே யோசித்துப் பாருங்கள். 1904-ல் பேரரசி சீஷியின் எழுபதாம் பிறந்தநாளுக்கு இவருடைய வேலைப்பாடுகள் அரண்மனைக்குப் போயின. மகிழ்ந்த பேரரசி, நீண்ட ஆயுளைக் குறிக்கும் 'ஷோ' என்ற எழுத்தைத் தம் கையால் எழுதிக் கொடுத்தார். அன்று முதல் அவர் பெயர் ஷென் ஷோ.

அரசு அவரை ஜப்பானுக்கு அனுப்பியது. அங்கே மேல்நாட்டு ஓவியத்தின் முறையில் ஒளியும் நிழலும் காட்டும் பூவேலையைப் பார்த்தார். அதுவரை சீனப் பூவேலையில் முகம் என்றால் கோடும் நிறமும்தான். இவரோ கன்னத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே மங்குகிறது என்று பார்த்து, அதற்கேற்ப இழையின் நிறத்தை மாற்றினார். பிரெஞ்சில் ஊசித் தையலுக்கும் புள்ளிக்கும் ஒரே சொல்தான்: 'புவான்'. பள்ளியில் படித்தபோது அது ஏன் என்று நான் யோசித்ததில்லை. இவர் செய்த முகங்களைப் படத்தில் பார்த்தபோது புரிந்தது. ஒவ்வொரு தையலும் ஒளியின் ஒரு புள்ளி.

இத்தாலிய ராணி எலெனாவின் உருவத்தை இவர் இப்படித் தைத்தார். 1911-ல் தூரின் நகரக் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. 1915-ல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் இவருடைய இயேசு உருவத்துக்கும் பரிசு.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது பின்னால் நடந்ததுதான். 1914-ல் நான்தோங் நகரத்தில் பெண்களுக்கான பூவேலைப் பள்ளி ஒன்றுக்கு இவர் தலைமை ஏற்றார். பள்ளியைத் தொடங்கியவர் ஜாங் ஜியன், பருத்தி ஆலை முதலாளி. 1894-ல் பேரரசின் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக வந்தவரும் அவர்தான். ஷென் ஷோ நோயில் விழுந்தார். கையிலிருக்கும் வித்தை தன்னோடு போய்விடக் கூடாது என்று இருவருக்கும் கவலை. படுக்கையிலிருந்து அவர் சொல்லச் சொல்ல, ஜாங் ஜியன் உட்கார்ந்து எழுதினார்.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொன்னதை எழுதியே சம்பளம் வாங்கிய எனக்கு, இந்தக் காட்சி மனதை விட்டுப் போகவில்லை. நாட்டின் முதல் படிப்பாளி, ஒரு தையல்காரப் பெண்ணுக்குக் குமாஸ்தா ஆனார்! 1919-ல் வெளிவந்த அந்த நூலில் எட்டு அத்தியாயங்கள். கருவிகள், தையல் வகைகள் மட்டுமல்ல, தைப்பவர் தம் உடம்பைக் காத்துக்கொள்வது பற்றியும் உண்டு. சொன்னவர் ஷென் ஷோ, எழுதியவர் ஜாங் ஜியன் என்றுதான் நூலின் பதிவு. இரண்டு வருடத்தில், 1921-ல், அவர் காலமானார்.

வீட்டுக்குள் தாயிடமிருந்து மகளுக்குப் போன வித்தை அப்படிப் பள்ளிக்கும் புத்தகத்துக்கும் வந்தது. அதன் பிறகு அது நிற்கவில்லை. 1930-களில் யாங் ஷோயூ என்ற ஆசிரியை, ஓவியம் கற்றவர், இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கடுக்காகப் போட்டு, எண்ணெய் வண்ண ஓவியம் போலவே தோன்றும் புதிய முறையைக் கண்டுபிடித்தார். 1950-களில் சூஜோவில் பூவேலைக்கென்று ஆராய்ச்சி நிலையம் வந்தது. முன்பக்கமும் பின்பக்கமும் முடிச்சுத் தெரியாமல் ஒரே பட்டில் தைத்த பூனைகளை இன்று உலகமே அறியும்.

நம் பேத்திகளுக்குத் தெரிந்த உதாரணமும் ஒன்று உண்டு. 2015-ல் நியூயார்க் விழாவில் பாடகி ரிஹானா உடுத்திய நீண்ட மஞ்சள் அங்கி, பெய்ஜிங் வடிவமைப்பாளர் குவோ பெய் செய்தது. எடை ஏறக்குறைய 25 கிலோ, உடல் முழுக்கப் பூவேலை. மறுவருடமே பாரிஸின் 'ஓத் கூத்யூர்' மேடையில் விருந்தினராக அவருக்கு இடம் கிடைத்தது.

அந்த அங்கியைப் பார்த்தவர்கள் ரிஹானா பெயரைச் சொன்னார்கள், குவோ பெய் பெயரையும் சொன்னார்கள். தைத்த கைகள் பலவாயிற்றே, அவர்கள் பெயர்? பழைய வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நம் வீடுகளிலும் பாட்டி கையால் போட்ட தலையணை உறை ஏதாவது பெட்டிக்குள் இருக்கும். அவர் பெயரையும் தையலின் பெயரையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள் நண்பர்களே. எழுதி வைக்காத வித்தைக்கு வாரிசு கிடையாது.