நீச்சல் குளத்தின் உறிஞ்சு அமைப்பு: ஸ்கிம்மர், வால்வு, பம்ப்

நீச்சல் குளத்து நீர் ஓயாமல் சுற்றி வருகிறது. குளத்திலிருந்து பம்புக்கும், பம்பிலிருந்து ஃபில்டருக்கும், அங்கிருந்து மறுபடி குளத்துக்கும் போகும் இந்தச் சுற்றில், பம்புக்கு முன்னால் உள்ள பகுதி உறிஞ்சு பக்கம் எனப்படும். சுவரில் பதித்த ஸ்கிம்மர், தரையில் உள்ள மெயின் டிரெய்ன், சுத்தம் செய்யும் ஹோஸைச் செருகுவதற்கான வேக்கும் பாயின்ட், இவற்றிலிருந்து மோட்டார் அறைக்கு வரும் குழாய்கள், அவற்றின் வால்வுகள், பம்பின் முன்வாயில் உள்ள வலைக்கூடை ஆகியவை இதில் அடங்கும். குளம் கலங்கினாலும் நீர் குளத்துக்குத் திரும்பும் ரிட்டர்ன் வாயில் அதன் வேகம் குறைந்தாலும் பழி முதலில் பம்பின் மேல்தான் விழும். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னால் உள்ள குழாயிலேயே இருக்கும்.

வரலாறு

மொகஞ்சதாரோவில் 1925-26 அகழாய்வில் வெளிப்பட்ட பெருங்குளம் சுமார் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் கொண்டது. நீர் கசியாமலிருக்கச் செங்கல் சுவருக்குப் பின்னால் நிலக்கீல் பூசியிருக்கிறார்கள். ஒரு மூலையில் நீர் வெளியேறும் வாயும், அதையடுத்து ஆள் நுழையும் உயரத்துக்குச் செங்கல் வளைவுக் கால்வாயும் உள்ளன. நிரப்புவது, அழுக்கானதும் வடிப்பது, மறுபடி நிரப்புவது என்ற முறை அங்கே முழுமையாக அமைந்திருக்கிறது. அதற்குப் பிறகு சில ஆயிரம் ஆண்டுகள் குளிக்கும் குளங்கள் இந்த முறையைத் தாண்டவில்லை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் பல பொதுக் குளங்களில் புதுத் தண்ணீர் நிரப்பிய நாளில் கட்டணம் கூடுதல். நாள் செல்லச் செல்ல, நீர் கலங்கக் கலங்க, கட்டணம் குறையும்.

நீரைச் சுழற்ற வேண்டுமானால் உறிஞ்சுதல் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். உறிஞ்சு பம்ப் தண்ணீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏற்றுவதில்லை என்பதை இத்தாலியத் தொழிலாளிகள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் இதைப் பேசினார். காரணத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை. அவருடைய மாணவர் டாரிசெல்லி 1640-களில் பாதரசக் குழாய்ச் சோதனையால் விடை கண்டார். நீரை மேலே தள்ளுவது வெளியே உள்ள காற்றின் அழுத்தம். பம்ப் செய்வதெல்லாம் தன் வாயருகே அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. இன்றைய நீச்சல் குளத்தில் பம்ப் மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வறண்டு போனால் பம்ப் ஏன் தண்ணீர் எடுப்பதில்லை என்பதற்கும் இதுதான் விளக்கம்: நீர் வர வேண்டிய இடத்துக்கு அதைவிட இலகுவாகக் காற்று வந்துவிடுகிறது.

சுழலும் இறக்கையால் நீரை வெளிநோக்கி வீசும் பம்பை 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டெனிஸ் பாப்பான் அமைத்தார். 1851 லண்டன் கண்காட்சியில் ஜான் ஆப்போல்டு வளைந்த இறக்கைகளால் அதன் திறன் வெகுவாகக் கூடுவதைக் காட்டினார். குளத்து மோட்டாரோடு இணைந்த பம்ப் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தது. 1910-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகக் குளத்தில் குளோரின் மருந்து சேர்த்துக் கிருமிகளை ஒழிக்க முடிந்தது. நீரைக் கொட்டாமல் வைத்துக்கொள்ளலாம் என்றானதும், மணல் ஃபில்டர் வழியாக அதைச் சுழற்றுவது வழக்கமாயிற்று.

அக்காலக் குளங்களில் மேற்பரப்பு அழுக்கை எடுக்க நான்கு புறமும் ஓடும் விளிம்புக் கால்வாயே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தார் வீட்டுக் கொல்லையில் குளம் வெட்டத் தொடங்கியபோது கால்வாய்க்கு ஆகும் செலவு கட்டுப்படியாகவில்லை. அதன் இடத்தை ஒரு பெட்டியால் நிரப்பியதுதான் ஸ்கிம்மர். போட்டிக் குளங்களும் பெரிய ஓட்டல் குளங்களும் இன்றும் கால்வாயையும் அதன் நீரைத் தேக்கும் பேலன்சிங் டேங்கையும் கைவிடவில்லை. வீட்டுக் குளத்துக்கு ஸ்கிம்மரே போதும்.

ஸ்கிம்மரின் உள்ளமைப்பு

ஸ்கிம்மர் என்பது நீர்மட்டத்தை ஒட்டிச் சுவரில் பதிக்கப்படும் பெட்டி. குளத்தைப் பார்த்த பக்கம் அகலமான வாய். மேலே குளக்கரைத் தளத்தோடு சமமாக ஒரு மூடி. உள்ளே குப்பைக் கூடை. வாயில், கீழ்ப்பக்கம் கீல் போட்ட மிதவைக் கதவு ஒன்று நிற்கும். பம்ப் ஓடும்போது பெட்டிக்குள் நீர்மட்டம் இறங்க, கதவு உள்பக்கமாகச் சாய்ந்து, அதன் விளிம்புக்கு மேல் மெல்லிய ஏடாக நீர் வழிகிறது. ஏரி நிறைந்து கலிங்கு வழியும்போது மிதக்கும் சருகும் நுரையும் முதலில் போவதைப் போல, இலை, பூச்சி, உடலெண்ணெய், சன்ஸ்கிரீன் எல்லாம் இந்த ஏட்டோடு பெட்டிக்குள் விழுகின்றன. பம்பை நிறுத்தினால் கதவு நிமிர்ந்து வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளே வந்த குப்பை திரும்பக் குளத்துக்கு மிதந்து போகாது. கதவு உடைந்ததும் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே ஓட்டும் குளங்கள் ஏராளம். பம்ப் ஓடத்தான் செய்யும். ஆனால் வாயின் முழு உயரத்துக்கும் நீர் மெதுவாக உள்ளே வரும், மேற்பரப்பில் படிந்த எண்ணெய் அப்படியே நிற்கும். இத்தனை மலிவான உறுப்பு ஒன்றின் குறையை ஈடுகட்டக் குளோரினைக் கூட்டிக்கொண்டே போவது வருந்தத்தக்க வழக்கம்.

நீர்மட்டம் வாயின் நடுவில் நிற்க வேண்டும். கீழே இறங்கினால் பம்ப் ஏர் வாங்கும். வாய் முழுவதும் மூழ்கினால் கதவுக்கு வேலையில்லை. காற்று வழக்கமாக எந்தத் திசையில் வீசுகிறதோ அந்தத் திசையின் கடைக்கோடியில் ஸ்கிம்மரை வைப்பதும், ரிட்டர்ன் வாய்களை மேற்பரப்பு நீர் அதை நோக்கி நகரும்படி திருப்பி வைப்பதும் நல்ல அமைப்பு. பொதுக் குளங்களில் 500 சதுர அடிப் பரப்புக்கு ஒரு ஸ்கிம்மர் என்பது அமெரிக்க மாநில விதிகள் பலவற்றில் காணப்படும் கணக்கு.

கூடையை எடுத்துப் பார்த்தால் அடியில் இரண்டு துளைகள் தெரியும். புதிதாகக் குளத்தைப் பராமரிக்க வருபவர் குழம்பும் இடம் இது. குளத்திலிருந்து தள்ளியுள்ள துளை பொதுவாகப் பம்புக்குப் போகும். குளத்தை ஒட்டிய துளை இரண்டில் ஒன்றாக இருக்கும்: மெயின் டிரெய்னிலிருந்து வரும் குழாய், அல்லது நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் திறக்கும் சமநிலைக் குழாய். நீர்மட்டம் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சமநிலைக் குழாயின் வால்வு திறந்து, காற்றுக்குப் பதில் அடி நீரைப் பம்புக்குக் கொடுக்கும். இரண்டு துளைகளையும் மூடியபடி, மிதவையும் நகரும் தகடும் கொண்ட வட்டு ஒன்று சில மாதிரிகளில் வரும். மேலிருந்து எவ்வளவு, அடியிலிருந்து எவ்வளவு என்பதை அந்தத் தகடே பங்கிடுகிறது. இரண்டாவது துளையில் மூடி திருகியிருந்தால், மெயின் டிரெய்னுக்குத் தனிக் குழாய் இருக்கலாம், அல்லது குளத்தில் மெயின் டிரெய்னே இல்லாமலிருக்கலாம்.

குழாய்களும் வால்வுகளும்

மெயின் டிரெய்னை ஸ்கிம்மர் வழியாக இணைத்துவிட்டால் குழாய்ச் செலவு மிச்சமாகும். எதில் அடைப்பு என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு வாயிலிருந்தும் தனிக் குழாய் மோட்டார் அறை வரை வந்து, தனி வால்வோடு சேர வேண்டும். தளத்தைப் போட்டபின் இதைத் திருத்த வழியில்லை.

குழாயின் அளவு பற்றிய விதி எளியது: உறிஞ்சு பக்கத்தில் நீரின் வேகம் விநாடிக்கு சுமார் 1.8 மீட்டரைத் தாண்டக் கூடாது. 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழமுள்ள குளம் 50,000 லிட்டர் கொள்ளும். அத்தனையும் 6 மணி நேரத்தில் ஒருமுறை சுற்றிவர மணிக்கு ஏறக்குறைய 8,300 லிட்டர் போக வேண்டும். உள்விட்டம் 50 மி.மீ. உள்ள குழாய் அந்த வேக வரம்புக்குள் மணிக்கு 12,000 லிட்டருக்கு மேல் கொண்டு செல்லும். ஆகவே ஸ்கிம்மருக்கு ஒன்று, மெயின் டிரெய்னுக்கு ஒன்று என இரண்டு குழாய்கள் இருந்தால், ஒன்றை முழுவதும் மூடினாலும் மற்றது தனியே தாங்கும். பம்பின் வாயை ஒட்டி எல்போ (வளைவு இணைப்பு) போடக் கூடாது. குழாய் விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு நீளமாவது நேராக வர வேண்டும், இல்லையென்றால் சுழன்று வரும் நீர் இறக்கையில் ஒழுங்காக விழாது.

வால்வுகளில் பழையது கேட் வால்வு. பல சுற்றுத் திருப்ப வேண்டும். தண்டின் வழியே காற்று கசிவது இதன் தீராத குறை, உறிஞ்சு பக்கத்துக்கு இது தகாது. பால் வால்வு கால் சுற்றில் வேலையை முடிக்கும்: கைப்பிடி குழாயோடு ஒரே போக்கில் இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல். மூன்றாவது டைவர்ட்டர். இதில் மூன்று வாய்கள் உண்டு, நடுவாய் பம்புக்கு. உள்ளே திரும்பும் தகடு மற்ற இரண்டில் ஒன்றையோ, இரண்டையும் பங்கிட்டோ மறைக்கும். அமெரிக்காவில் ஜாண்டி என்ற ஒரு நிறுவனத்தின் பெயரே இந்த வால்வுக்குப் பொதுப்பெயராகிவிட்டது. இதன் கைப்பிடியில் 'ஆஃப்' என்று எழுதிய முனை எந்த வாயைக் காட்டுகிறதோ அந்த வாய் மூடியிருக்கிறது. திறந்த வாயைக் காட்டுவதாக நினைத்துத் திருப்பி, மெயின் டிரெய்னை மாதக்கணக்கில் மூடி வைத்திருப்பவர்கள் உண்டு. கைப்பிடியைக் குறுக்கே நிறுத்தினால் இரண்டு வாயும் பாதிப் பாதி. வழக்கமான ஓட்டத்துக்கு நான்கில் மூன்று பங்கு ஸ்கிம்மருக்கும் மீதி மெயின் டிரெய்னுக்கும் கொடுப்பது பொருத்தம். இலையுதிரும் மரம் அருகில் இருந்தால் ஸ்கிம்மரின் பங்கை இன்னும் கூட்டலாம்.

ஃபில்டரின் மேல் உள்ள மல்டிபோர்ட் வால்வு பம்புக்குப் பின்னால் உள்ள அழுத்தப் பக்கத்தைச் சேர்ந்தது. அதில் ஃபில்டர், பேக்வாஷ் (நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவுதல்), ரின்ஸ், வேஸ்ட், ரீசர்குலேட், குளோஸ் என ஆறு நிலைகள். பம்ப் ஓடும்போது இதைத் திருப்பினால் உள்ளே ஆரங்கள் போல் அமைந்த ரப்பர் கேஸ்கட் பிய்ந்துவிடும்.

பம்பும் கோளாறு அறிதலும்

குளத்துப் பம்ப் தானே நீரேற்றிக்கொள்ளும் வகை. முன்னால் உள்ள கூடைப் பானையில் தேங்கிய நீர், குழாயில் உள்ள காற்றோடு கலந்து அதைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளும். பானையில் நீர் இல்லையென்றால் எத்தனை நேரம் ஓடினாலும் தண்ணீர் எடுக்காது. மூடியைக் கழற்றி நீர் ஊற்றி நிரப்ப வேண்டும். பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மூடியைக் கழற்றுமுன் எல்லா வால்வுகளையும் மூடாவிட்டால் மோட்டார் அறை வெள்ளக்காடாகும். மறுபடி ஓட்டுமுன் அவற்றைத் திறக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடிய பம்ப் சூடேறி, அதன் வாயில் திருகிய பி.வி.சி. அடாப்டரின் மரை சுருங்கிப் போவதும், அதன்பின் அந்த இடத்திலேயே காற்று புகுவதும் அடிக்கடி நடப்பவை.

அழுத்தப் பக்கம் ஒழுகினால் தண்ணீர் தெரியும். உறிஞ்சு பக்கம் ஒழுகினால் பம்ப் ஓடும்வரை ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். கண்ணாடி மூடிக்குள் நுரை நிற்பதும் ரிட்டர்ன் வாயில் குமிழி வருவதும் அடையாளம். மூடியின் ஓ-ரிங், பானை அடியில் உள்ள வடிதிருகு, வால்வுத் தண்டு, பம்ப் வாயின் மரை என்ற வரிசையில் பார்த்து வந்தால் பெரும்பாலும் அதற்குள் அகப்பட்டுவிடும். பம்பை நிறுத்திய கணத்தில் எந்த இணைப்பில் ஈரம் கோக்கிறது என்று பார்ப்பதும் பயன்படும்.

ஃபில்டரின் அழுத்தமானி சுத்தமான நிலையைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. கூடினால் பேக்வாஷ் செய்ய வேண்டும். அழுத்தம் குறைந்தால் கோளாறு பம்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. அப்போது பம்பின் முன்வாயில் வெற்றிடமானி பொருத்திப் பார்த்தால் தெளிவாகும்: வெற்றிடம் கூடியிருந்தால் கூடையிலோ குழாயிலோ அடைப்பு, அதுவும் குறைந்திருந்தால் காற்றுக் கசிவு அல்லது இறக்கையில் சிக்கிய குப்பை. அடைப்பு முற்றினால் அழுத்தம் இறங்கி நீர் குளிர்ந்த நிலையிலேயே ஆவிக்குமிழிகளாகப் பிரிந்து, மறுபடி நொறுங்கி, சரளைக்கல் உருளும் ஓசை எழும். அந்த ஓசையோடு பம்பை ஓடவிட்டால் இறக்கை அரித்துப் போகும்.

உயிர் ஆபத்து

ஒரே ஒரு மெயின் டிரெய்ன் மட்டும் திறந்திருந்து, அதன் மூடி உடைந்திருந்தால் அது கொலைக்கருவி. 20 செ.மீ. விட்டமுள்ள வாயின் பரப்பு ஏறக்குறைய 314 சதுர செ.மீ. அதை ஒரு குழந்தையின் உடல் அடைத்து, பம்ப் அரை வளிமண்டல வெற்றிடத்தை உண்டாக்கினால், குழந்தையைத் தரையோடு அழுத்தும் விசை சுமார் 160 கிலோ எடைக்குச் சமம். பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்து மீட்க முடியாது. முதலில் பம்பை நிறுத்த வேண்டும். அதனால்தான் நிறுத்தும் பொத்தான் குளக்கரையிலிருந்து எட்டும்படி இருப்பது அவசியம்.

2002 ஜூனில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி வெந்நீர்த் தொட்டியின் உறிஞ்சு வாயில் சிக்கி உயிரிழந்தாள். அவள் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. அவளுடைய தாயின் விடாமுயற்சியால் 2007 டிசம்பரில் அவள் பெயரிலேயே சட்டம் நிறைவேறி, ஓராண்டில் நடைமுறைக்கு வந்தது. பொதுக் குளங்களில் சிக்கவிடாத வகை மூடிகள் கட்டாயமாயின. ஒற்றை டிரெய்ன் உள்ள குளங்களில் வெற்றிடத்தை முறிக்கும் சாதனம் போன்ற இன்னொரு காப்பும் வேண்டும். பாதுகாப்பான அமைப்பு, குறைந்தது 3 அடி இடைவெளியில் இரண்டு டிரெய்ன்களை நடுவில் வால்வு எதுவும் இல்லாமல் ஒரே குழாயில் இணைப்பது. ஒன்று அடைபட்டால் மற்றதிலிருந்து நீர் வரும். சமநிலைக் குழாயின் வாய்க்கும் வேக்கும் பாயின்டுக்கும் இதே கவனம் தேவை. வேக்கும் பாயின்டுக்குத் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் மூடி இருக்க வேண்டும். மூடி உடைந்த குளத்தில் அது மாற்றப்படும்வரை யாரையும் இறங்கவிடக் கூடாது.

இன்றைய நிலை

வேகத்தை மாற்றக்கூடிய பம்புகள் பரவி வருகின்றன. வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டம் பாதியாகும், மின்சாரத் தேவை எட்டில் ஒரு பங்குக்கு இறங்கும். அமெரிக்க எரிசக்தித் துறையின் 2021 ஜூலை விதிக்குப் பின் அங்கே பெரும்பாலான புதிய பம்புகள் இவ்வகையே.