வங்கிக் குறுஞ்செய்தி: பற்று வந்தால் அன்றே பாருங்கள்

பி.எம். கிசான் தவணை ரூ.2,000 ஏறிவிட்டதா என்று அறிய வங்கிக்கு அலைய வேண்டியதில்லை. கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியே சொல்லிவிடும். அதில் 'கிரெடிட்டட்' என்றால் வரவு, 'டெபிட்டட்' என்றால் பற்று.

வரவை எல்லோரும் பார்க்கிறோம், பற்றைத்தான் கவனிப்பதில்லை. பயிர்க்கடன் கணக்கில் சம்பா நெல் காப்பீட்டுக்குப் பிடித்தம் வந்தால், அது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தானா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் எடுக்காத பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நஷ்டம் உங்களுடையதல்ல. அந்த 3 நாள் செய்தி வந்ததிலிருந்து ஓடத் தொடங்கும். ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போன பணம் உங்கள் பொறுப்பு.

ஊர்க் கூட்டங்களில் நான் அடிக்கடி காண்பது வேறு சிக்கல். வங்கியில் இருப்பது பழைய சிம் எண், இல்லையேல் வெளியூரில் இருக்கும் மகனின் எண். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் பிறகு வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் கணக்கு விவரமும் அவருக்கே போகும். பாஸ்புத்தகம், ஆதார் நகலுடன் கிளைக்குச் சென்று, கையில் உள்ள எண்ணை இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.