மூட்டுத் தையல் வகைகள்

வெட்டிய துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் இடம் மூட்டு. கைலி மூட்டுவது முதல் கோட்டு தைப்பது வரை எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. நூல் ஓடும் விதம் வேறு, துணிகள் சேரும் விதம் வேறு என்பதால் பன்னாட்டுத் தர நிறுவனமான ஐஎஸ்ஓ, தையல்களை 4915 என்ற தரத்திலும் மூட்டுகளை 4916 என்ற தரத்திலும் தனித்தனியே வகுத்துள்ளது. மூட்டுகளுக்கு மட்டும் எட்டு வகுப்புகள். தையல்கடைக்கு அத்தனையும் தேவையில்லை. ஓரம் பிசிறுமா, இழுத்தால் நீளுமா, உள்பக்கம் உடம்பில் உறுத்துமா என்று பார்த்தாலே எந்த மூட்டு என்பது தெரிந்துவிடும்.

சாதா மூட்டில் நல்ல பக்கங்கள் இரண்டையும் உள்முகமாக வைத்து ஒரே ஓட்டமாகத் தைக்கிறார்கள். எளிது, ஆனால் வெட்டிய ஓரம் திறந்தே கிடக்கும். அதை ஓவர்லாக் (ஓரத்தைச் சுற்றி ஓடும் தையல்) அடித்தோ பட்டி வைத்தோ காக்க வேண்டும்.

வாயில், ஷிஃபான் போன்ற மெல்லிய துணிகளில் ஓவர்லாக் வெளியே தெரிந்து அசிங்கமாகும். அங்கே பிரெஞ்சு மூட்டு. முதலில் துணியின் உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துச் சுமார் 6 மி.மீ. உள்ளே தைத்து, ஓரத்தை 3 மி.மீ. அளவுக்கு நறுக்கி, துணியைப் புரட்டி மறுபடி தைத்தால் பிசிறு முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும். தடித்த துணிக்கும் கூர்ந்த வளைவுக்கும் இது ஒத்துவராது.

உழைக்கும் உடைக்கு மடிப்பு மூட்டே சிறந்தது. ஒரு பக்க ஓரத்தைக் குறுக்கி, மறுபக்க ஓரத்தை அதன்மேல் மடித்துப் படியத் தைப்பார்கள். ஜீன்ஸிலும் ஆண்கள் சட்டையின் பக்கவாட்டிலும் இணையாகத் தெரியும் இரண்டு வரிகள் இதன் அடையாளம். செல்வெட்ஜ் டெனிம் ஜீன்ஸின் வெளிக்காலில் மட்டும் சாதா மூட்டே போதும். தறியிலேயே முடிந்த அதன் கரை பிரிவதில்லை.

திருப்பூர் பனியன் துணிக்குக் கணக்கு வேறு. பின்னலாடை நீளும்போது சாதாத் தையலின் நூல் அறுந்துவிடும். ஓவர்லாக்கில் நூல் வளையங்களாக ஓடுவதால் துணியோடு சேர்ந்து நீள்கிறது. உறுத்தக் கூடாத உள்ளாடைகளுக்கு, மூட்டு தட்டையாகப் படியும் பிளாட்லாக் தையல் பொருந்தும்.

ரவிக்கையின் பக்கவாட்டில் இன்றும் சாதா மூட்டுதான். உள்ளே கூடுதல் துணி விட்டு இரண்டு மூன்று ஓட்டங்கள் தைத்திருப்பார்கள். உடம்பு பெருத்தால் ஒன்றைப் பிரித்துவிடலாம். பிரெஞ்சு மூட்டிலும் மடிப்பு மூட்டிலும் அந்த வசதி இல்லை.