கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழ்

புதிதாக ஒரு கருவி கையில் கிடைத்தவுடன் தமிழர்கள் அதில் முதலில் எழுதிப் பார்த்த வாக்கியம் எது என்று யாரேனும் ஆராய்ந்தால், ‘இது ஒரு சோதனை’ என்பதுதான் முதலிடம் பெறும் என்று தோன்றுகிறது. 2003, 2004ஆம் ஆண்டுகளில் வலைப்பதிவு தொடங்கியவர்களில் பலருடைய முதல் இடுகை அதுவே. எழுதி முடித்துப் பொத்தானை அழுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்போம். எழுத்து தெரிகிறதா, வரிசையாக வெற்றுக் கட்டங்கள் தெரிகின்றனவா? ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு இந்தப் பதற்றம் ஏற்பட்டதில்லை. எதை எழுதுவது என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், எழுத முடியுமா என்று நாம் யோசித்துக்கொண்டிருந்தோம்.

இன்று கல்லூரிகளில் ‘கணினித் தமிழ்’ ஒரு பாடம். நானும் நடத்துகிறேன். பாடநூல்களில் ஆண்டுகளும் பெயர்களும் ஒழுங்காக இருக்கின்றன. அந்தப் பதற்றம் மட்டும் இல்லை. மாணவர்களுக்கு அதைச் சொன்னால் நம்புவதற்குத் தயங்குகிறார்கள். கைப்பேசியை வாங்கிய கணத்திலேயே தமிழ் அதற்குள் இருப்பதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

2002இல் மதுரையில் முதுகலை முடிக்கும் தறுவாயில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்வருவேன். ஒரு மணி நேரத்துக்கு முப்பது ரூபாய். அதில் முதல் இருபது நிமிடம் எழுத்துருவை இறக்குவதில் கழிந்துவிடும். ஒவ்வொரு பத்திரிகையின் தளத்துக்கும் தனித்தனி எழுத்துரு. ஒன்றுக்காக இறக்கியது இன்னொன்றுக்கு உதவாது. மறுநாள் போனால், முந்தைய நாள் நிறுவியதைக் கடைக்காரர் நச்சுநிரல் பயத்தில் துடைத்து வைத்திருப்பார். என் நண்பன் ஒருவன் எழுத்துருக்களை ஒரு பிளாப்பியில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். நெல்லைச் சீமைக்காரன். அவனைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் யாருடைய அலட்சியமும் அல்ல, ஆர்வம்தான். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கத் தொடங்கிவிட்டார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்து இலவசமாகத் தந்தார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ முறையை வடிவமைத்தார். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளும் இணையத்தில் ஏறியபோது தமிழும் அவற்றோடு ஏறியது அவர் முயற்சியால். இவர்களில் எவரும் அரசாணைக்காகக் காத்திருக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் ‘க’வை ஒவ்வோர் எண்ணில் குடியமர்த்தினார்கள். கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்ற உடன்பாடு இல்லாத இடத்தில் ஒருவர் எழுதியது மற்றவருக்குக் குப்பை.

உடன்பாடு காணத்தான் 1997இல் கோவிந்தசாமியின் முன்முயற்சியில் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. மின்மடல்களிலேயே விவாதித்து உருவாக்கப்பட்டது ‘திஸ்கி’. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் வழியாக ‘டாப்’, ‘டாம்’ என்று இரண்டு தகுதரங்களும், ‘தமிழ்99’ விசைப்பலகையும் வந்தன. ஆக, ஒன்று வேண்டும் என்று கூடியவர்கள் மூன்றோடு கலைந்தார்கள். சங்கம் வைத்து வளர்த்த மொழிக்கு இதுவும் ஒரு மரபு போலும். கோவிந்தசாமி அந்த ஆண்டே மே மாதத்தில் மறைந்தார். ஒருங்குறி பரவலானதை அவர் பார்க்கவில்லை.

ஒருங்குறி அப்போதே இல்லாமல் இல்லை. 1991இல் அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டிருந்தது. இந்திய மொழிகள் அனைத்துக்குமாக 1988இல் வகுக்கப்பட்ட ‘இஸ்கி’ முறையின் அச்சில் அது அமைந்தது. இந்த இடத்தில் தமிழாசிரியன் என்ற முறையில் சற்று நின்று போக விரும்புகிறேன்.

தொல்காப்பியர் கணக்கில் மெய்யெழுத்து புள்ளியோடு நிற்பது. அதுவே அதன் இயல்பு. மெய்யோடு அகரம் சேரும்போது புள்ளி நீங்கி உயிர்மெய் பிறக்கிறது. அதாவது ‘க்’ முதல், ‘க’ அதிலிருந்து வந்தது. ஒருங்குறியில் இது தலைகீழ். அங்கே ‘க’ அடிப்படை. அதன்மேல் புள்ளி என்ற இன்னொரு குறியை ஏற்றினால்தான் ‘க்’. நாம் ஓரெழுத்தாக, அரை மாத்திரையாக ஒலிப்பதைக் கணினி இரண்டு குறிகளாக எண்ணுகிறது. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து. இதை வெறும் இலக்கணப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து. ஒருங்குறித் தமிழுக்கு 70 குறி மட்டுமே. ட்விட்டர் 140 என்று எல்லை வகுத்தபோது, புள்ளிகளும் கொம்புகளும் கால்களும் நம் பங்கைத் தின்றன. 2017இல் அந்த எல்லை இருமடங்கானபோதுதான் தமிழில் எழுதுகிறவர்கள் மூச்சு விட்டார்கள்.

வரிசையிலும் சிக்கல் இருந்தது. ஒருங்குறிக் கட்டத்தில் ‘ந’வை அடுத்து ‘ன’ உட்கார்ந்திருக்கிறது. ‘ற’, ‘ர’வுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் மாணவி ஒருத்தி பட்ட ஆய்வுக்காகச் சொல்லடைவு ஒன்றைத் தயாரித்து, கணினியையே அகர வரிசைப்படுத்தச் சொல்லி அச்செடுத்து வந்தாள். நாற்பது பக்கங்கள். ‘மனம்’ என்பது ‘மகன்’, ‘மதி’ எல்லாம் தாண்டி ‘மயில்’, ‘மலை’ ஆகியவற்றுக்கு முன்னால் நின்றிருந்தது. “கம்ப்யூட்டர் போட்ட வரிசைதான் ஐயா” என்றாள். கணினி பொய் சொல்லவில்லை. எண்களின் வரிசையைச் சொன்னது. நன்னூல் வரிசையை அதற்கு யாரும் தனியே சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒருங்குறியே வென்றது, அது சிறந்தது என்பதால் அல்ல, எல்லோரிடமும் இருந்தது என்பதால். விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவோடு வந்தது. ஆனால் விண்டோஸ் 98 வைத்திருந்தவர்கள் கைவிடப்பட்டவர்கள். எக்ஸ்பியிலும் மொழி அமைப்புக்குள் போய் ஒரு பெட்டியில் குறியிட்டு, மூலக் குறுந்தகட்டை உள்ளே செருக வேண்டும். பிரவுசிங் சென்டர்க்காரரிடம் போய் மூலக் குறுந்தகடு கேட்டவர்களுக்குக் கிடைத்த பார்வையை நான் அறிவேன். பயர்பாக்ஸில் திறந்தால், இருபுறமும் சமன்செய்யப்பட்ட பத்திகளில் எழுத்துகள் உடைந்து சிதறும். 2008இல் மூன்றாம் பதிப்பு வந்த பிறகுதான் அது ஒழிந்தது.

இந்த இடைவெளியை அடைத்தவர்களைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. முகுந்த் தந்த ‘எ-கலப்பை’ இல்லாமல் அந்த ஆண்டுகளில் எழுதியவர்கள் மிகக் குறைவு. ஜெர்மனியிலிருந்த சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’, ஒரு தகுதரத்தில் எழுதியதை இன்னொன்றாக மாற்றித் தந்தது. அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி ‘தேனீ’ என்ற இயங்கு எழுத்துருவைச் செய்தார். படிப்பவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை, தளத்தோடு எழுத்துருவும் கூடவே வந்துவிடும். கைவிடப்பட்ட விண்டோஸ் 98காரர்களும் அதனால் படித்தார்கள். 2006 ஜூலையில் அவர் காலமானார். காசி ஆறுமுகம் 2004இல் ‘தமிழ்மணம்’ திரட்டியைத் தொடங்கியதும், சிதறிக் கிடந்தவர்கள் ஒரே திண்ணையில் வந்து உட்கார்ந்தது போலாயிற்று. இலங்கைத் தமிழ் நூல்களைக் காக்கும் ‘நூலகம்’ திட்டம் 2005இல் உருவானது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அதன் பொருள் புரியும்.

அதற்குள் கருவிகள் மாறத் தொடங்கின. ஆர்க்குட், பஸ், வேவ், பிரண்ட்பீட், போஸ்டரஸ், கூகுள் பிளஸ் என்று எது திறந்தாலும் முதல் வாரத்திலேயே ஒரு தமிழ்க் குழு உள்ளே போய் ‘இது ஒரு சோதனை’ என்று எழுதிவிடும். நானும் எல்லாவற்றிலும் கணக்குத் தொடங்கினேன். பிரண்ட்பீடில் சங்கப் பாடல் ஒன்றின் பாடபேதம் குறித்து மூன்று நாள் நீண்ட ஒரு சண்டையை இன்னும் மறக்கவில்லை. வகுப்பறையில் கூட அப்படி ஓர் உரையாடல் வாய்த்ததில்லை. 2009இல் ஜியோசிட்டிஸ் மூடப்பட்டது. பஸ் 2011இலும், போஸ்டரஸ் 2013இலும், ஆர்க்குட் 2014இலும், பிரண்ட்பீட் 2015இலும், பிளஸ் 2019இலும், யாகூ குழுமங்கள் 2020இலும் போயின. மூடுவதற்கு முன் அறிவிப்பு வரும், எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். எடுத்துக்கொண்டவர்கள் சிலர். நான் எடுக்கவில்லை. அந்தப் பாடபேதச் சண்டை இப்போது எங்கும் இல்லை.

என் நண்பன் எடுத்திருக்க வாய்ப்பே இல்லை. படிப்பு முடிந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவன், அங்கிருந்து ஜியோசிட்டிஸில் ஒரு தளம் வைத்திருந்தான். ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைகளில் தான் பார்த்த கணியான் கூத்தைப் பற்றி எழுதினான். மகுடம் அடிப்பவர்கள், பெண் வேடமிட்டு ஆடுபவர்கள், முதியவரான ஓர் அண்ணாவி பாடிய கதையின் வடிவம், பெயர்கள், வரிசை எல்லாம் அதில் இருந்தன. மொத்தம் எட்டுக் கட்டுரைகள். நான் படித்துப் பாராட்டி, அச்செடுக்க வேண்டும் என்று நினைத்து, நினைப்போடு நிறுத்திக்கொண்டேன். 2009இல் தளம் போயிற்று. 2012இல் அவனும் போனான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நாட்டார் வழக்காற்றியல் வகுப்புக்காக அந்தக் கட்டுரைகள் தேவைப்பட்டன. இணைய ஆவணகத்தில் தேடினால் ஐந்து கிடைத்தன. மூன்றை அது சேமிக்கவே இல்லை. கிடைத்தவற்றிலும் தமிழ் இல்லை. ‘தமிழ்’ என்ற சொல்லே முக்கால் என்னும் பின்னக்குறி, தலையில் கோடு ஏறிய ஓர் ஆங்கில எழுத்து, சென்ட் நாணயக்குறி, மறுபடியும் கோடு ஏறிய எழுத்து என்று நின்றது. அதைப் பார்த்ததும் திஸ்கி என்று புரிந்துவிட்டது. ஒரு காலத்தில் அந்த வடிவங்களை அப்படியே படிக்கும் அளவுக்குப் பழகியிருந்தோம். மாற்றியில் இட்டதும் மூன்று கட்டுரைகள் தமிழாகித் திரும்பின.

மீதி இரண்டு மசியவில்லை. மூல நிரலில் எழுத்துருவின் பெயர் இருந்தது. எழுத்துரு எங்குமே இல்லை. மாற்றிகளுக்கும் அது தெரியாது. என் மாணவன் ஒருவனும் நானும் இரண்டு இரவுகள் அதனோடு உட்கார்ந்தோம். ‘மகுடம்’, ‘அண்ணாவி’, ‘சுடலைமாடன்’ என்ற சொற்கள் இருந்தே தீரும் என்பது உறுதி. ‘மகுடம்’ என்றால் முதலிலும் கடைசிக்கு முன்பும் அதே குறி வரவேண்டுமா என்று முதலில் தடுமாறினோம். ‘ம்’ என்பதற்குப் பழைய எழுத்துருக்களில் தனி இடம் உண்டு என்பது பிறகே நினைவுக்கு வந்தது. அவை கொம்பை எழுத்துக்கு முன்னால் வைக்கும் என்பதும், தட்டச்சுப் பொறியில் அடிப்பது போல என்பதும் அடுத்து நினைவுக்கு வந்தன. அதன் பிறகு வேகமாக நகர்ந்தது. உயிர்மெய் உகர வரிசையில் சில குறிகளை மட்டும் ஊகமாகவே நிரப்பினோம். ஏட்டில் புள்ளியும் குறில் நெடில் வேறுபாடும் இல்லாமல் படித்துப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டை முப்பது வருடம் வகுப்பில் கேட்டும் சொல்லியும் வந்திருக்கிறேன். கையால் செய்து பார்த்தது அந்த இரண்டு இரவுகளில்தான்.

ஐந்தாவது கட்டுரை கதையின் நடுவில் நிற்கிறது. கீழே ‘அடுத்து’ என்று ஒரு சுட்டி. அழுத்தினால் ஒன்றும் இல்லை.

ஐந்தையும் அச்செடுத்துக்கொண்டு அவன் ஊருக்குப் போனேன். அண்ணாவியும் இப்போது இல்லை; மகன் ஆட்டத்துக்குப் போகிறார். திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “எங்க அப்பா இப்படித்தான் சொல்லுவாக சார்” என்றார். பிறகு இரண்டு இடங்களில் நிறுத்தச் சொல்லி, அந்தப் பெயர்கள் தவறு என்றார். சரியான பெயர்களைச் சொன்னார். ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். இரண்டிலுமே பிழை உகரத்தில் இருக்கிறது. அவன் காதில் விழுந்த பிழையா, நாங்கள் ஊகித்து நிரப்பிய பிழையா என்பது எனக்குத் தெரியவில்லை.