வீட்டிலேயே தலைத்தோல் நீவல்: பயன்களும் வரம்புகளும்

திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் பகுதி வீடுகளில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது நெடுநாள் வழக்கம். பெண்கள் செவ்வாய், வெள்ளியிலும் ஆண்கள் புதன், சனியிலும் நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காயோ அரப்போ இட்டுக் குளிப்பது மரபு. அப்போது தலையை விரல்களால் நீவிவிடுவது தலைத்தோலையும் முடியையும் பேண உதவும் எளிய பழக்கமாகும். எனினும், முடி உதிர்வுக்கு அதுவே மருந்து என எண்ணிக் காத்திருந்தால், சில நோய்களுக்கு உரிய காலத்தில் சிகிச்சை கிடைக்காமல் போகும்.

முடி வளரும் முறை

தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. முடி மாதத்திற்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, பின்னர் ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வு நிலையில் இருந்து உதிர்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பே. எண்ணெய் தேய்க்கும்போது கையோடு வருபவை பெரும்பாலும் ஏற்கெனவே உதிரும் நிலையில் இருந்த முடிகளாகும்.

நீவலால் கிடைக்கும் பயன்கள்

• தலைத்தோலில் இரத்த ஓட்டம் தற்காலிகமாகக் கூடும். தசை இறுக்கம் தளரும். மனத்திற்கு அமைதி கிடைக்கும்.
• 2016இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், நலமான 9 ஆண்களுக்கு நாள்தோறும் 4 நிமிடம் வீதம் 24 வாரங்கள் கருவி கொண்டு தலைத்தோல் நீவப்பட்டது. முடியின் தடிமன் சிறிதளவு கூடியது. வளரும் வேகம் கூடவில்லை. இது மிகச் சிறிய ஆய்வு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.
• தேங்காய் எண்ணெய் முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைப்பதாக 2003இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. இது இருக்கும் முடியைக் காக்கும். புதிய முடியை முளைக்கச் செய்யாது.

செய்முறை

1. நகங்களை வெட்டி, கைகளைக் கழுவவும். அகன்ற பல் சீப்பால் முடியின் நுனியிலிருந்து தொடங்கிச் சிக்கெடுக்கவும்.
2. இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதுமானது. எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கவும். மிளகு, சீரகம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயாயின் நன்கு ஆறவிடவும். மணிக்கட்டில் ஒரு துளி இட்டுச் சூடு பார்த்த பின்னரே தலையில் வைக்கவும்.
3. நகம் படாமல் விரல் நுனிச் சதையைத் தலையில் பதிக்கவும். முடியைத் தேய்க்காமல், விரலுக்கு அடியில் உள்ள தோல் மெல்ல அசையுமாறு சிறு வட்டங்களாக நீவவும்.
4. முன்நெற்றி, காதுகளுக்கு மேற்புறம், உச்சி, பிடரி என்ற வரிசையில் 4 முதல் 5 நிமிடம் செய்யவும்.
5. அரை மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான நீரில் அலசவும். துண்டால் ஒற்றி எடுக்கவும். ஈர முடியை இறுக்கிப் பின்னக் கூடாது.

வலி தோன்றினால் அழுத்தம் மிகுதி என்று பொருள். வன்மையாகத் தேய்ப்பது முடியை அறுக்கும்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

• எண்ணெய் படிந்த குளியலறைத் தரை முதியோருக்கு ஆபத்தானது. அவர்களை நாற்காலியில் அமர்த்திக் குளிப்பாட்டவும். தரையை உடனே கழுவவும்.
• கைக்குழந்தையின் உச்சிக்குழியை அழுத்தக் கூடாது.
• தலையில் புண், கொப்புளம், படர்தாமரை, அண்மையில் காயம் அல்லது அறுவை சிகிச்சை இருப்பின் நீவல் கூடாது. புற்றுநோய் சிகிச்சை பெறுவோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே செய்ய வேண்டும்.
• பொடுகு மிகுதியாக உள்ளவர்கள் எண்ணெயைத் தலையில் இரவு முழுவதும் ஊறவிடக் கூடாது. அது பொடுகைக் கூட்டலாம்.
• சமயபுரம் போன்ற கோயில்களில் முடி காணிக்கை செலுத்துவோர் புதிய பிளேடு பயன்படுத்தப்படுவதை உறுதி செய்துகொள்ளவும். கீறல்கள் ஆறும்வரை நீவ வேண்டாம். மொட்டை அடிப்பதால் முடி அடர்த்தியாவதில்லை. வெட்டுப்பட்ட முனை மழுங்கியிருப்பதால் முடி தடித்ததுபோல் தோன்றுகிறது.

நீவலால் தீராத உதிர்வுகள்

கடுங்காய்ச்சல், மகப்பேறு, அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு இரண்டு, மூன்று மாதங்களுக்குப் பின் முடி கொத்தாக உதிரலாம். இது பெரும்பாலும் ஆறு மாதங்களில் தானே குறையும். அக்காலத்தில் புதிய எண்ணெய்க்கு மாறியவர்கள், அந்த எண்ணெயால்தான் உதிர்வு நின்றது எனத் தவறாகக் கருதுவதுண்டு. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, புரதக் குறைவு ஆகியவற்றால் ஏற்படும் உதிர்வுக்கு அந்தந்தக் குறையைச் சரிசெய்வதே தீர்வாகும்.

மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

• நாணய அளவில் வழுக்கைத் திட்டு (புழுவெட்டு)
• குழந்தையின் தலையில் செதிலுடன் முடி உடைதல், அரிப்பு, சீழ்
• தலைத்தோல் சிவந்து எரிதல், அல்லது மயிர்க்கால்கள் மறைந்து பளபளத்தல். இவ்வகையில் தழும்பு ஏற்பட்டால் முடி மீண்டும் வளராது; தாமதம் கூடாது.
• ஆறு மாதத்திற்கு மேல் நீடிக்கும் உதிர்வு, அல்லது வகிடு அகன்றுகொண்டே வருதல்
• உதிர்வுடன் உடற்சோர்வு, மூச்சு வாங்குதல், மாதவிடாய்க் கோளாறு

தன் தலையின் பின்புறத்தைத் தானே காண இயலாது. எனவே நீவிவிடுபவர் ஒவ்வொரு முறையும் முடியை வகிர்ந்து தோலைப் பார்க்க வேண்டும். தொடக்க நிலையில் ஒரு திட்டைக் கண்டறிவதே இப்பழக்கத்தால் கிடைக்கும் பெரும் நன்மை.

முதலில் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையையோ அணுகலாம். மேல்சிகிச்சைக்குத் திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கவும்.